நாகப்பட்டினத்துச் சிறு புத்தத் திருமேனிகள்

சென்ற கோடை விடுமுறையில், அனகாபுத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் சமணக் குடும்பத்தார் சிலர் ஒன்றுகூடி, பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றோம். பல்லாவரத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்து விடலாம். 1851-இல் தோன்றிய அவ்வருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளுக்கெனத் தனிக்கூடம் உண்டு. அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருந்த, ஒரு சாண் உயரமும் இல்லாத திருமேனி ஒன்றின்முன் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். கண்மூடிக் கைகூப்பிப் பஞ்ச நமஸ்காரத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

உடன் வந்த பெரியவர் ஒருவர் அவளருகே சென்று, "அம்மா, இவர் நம் பகவான் அல்லர், புத்தர். கையை இறக்கு" என்றார். சிறுமி திகைத்துக் கையை இறக்கினாள். சிறிது நேரம் அத்திருமேனியையே பார்த்திருந்துவிட்டு, "அப்படியானால் தாத்தா, இவரைக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டாள்.

எங்களில் எவரும் அவ்வினாவிற்கு உடனே விடை கூறவில்லை. பெரியவர் சொன்னது சமயக் கொள்கைப்படி சரியே. ஆயினும், அது யாருடைய திருமேனி, யார் செய்வித்தது, எதற்காகச் செய்வித்தனர் என்பவற்றை அக்குழந்தைக்கு எடுத்துரைக்க இயலாத நிலையில் நாங்கள் நின்றோம். அந்தக் குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மண்ணிலிருந்து வெளிப்பட்டவை

அச்சிறுமி வணங்கிய திருமேனி நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. நாகை சோழ நாட்டின் புகழ்பெற்ற துறைமுகம். சீனம், சாவகம், கடாரம் முதலிய நாடுகளின் கலங்கள் வந்து தங்கிய இடம். அங்கே ஸ்ரீவிஜய நாட்டு அரசனான ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராச சோழன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்திற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். தந்தையின் ஆணையை இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகளைக் கொண்ட அச்சாசனம் பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரத்தைச் சென்றடைந்தமையால் 'லைடன் பெரிய செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றது. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1090-ஐ ஒட்டி வழங்கப்பட்ட சிறிய செப்பேடுகளும் உள.

பள்ளி, பள்ளிச்சந்தம் என்னும் சொற்கள் நம் வாசகர்க்குப் புதியன அல்ல. நம் ஜினாலயங்களுக்கு அளிக்கப்பட்ட நிலங்களையும் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்றே குறிக்கின்றன. இராசராசன் தமக்கை குந்தவையார் போளூர் அருகே திருமலையில் ஜினாலயம் எடுப்பித்த அதே காலத்தில்தான் நாகையில் புத்தப் பள்ளி நிலக்கொடை பெற்றது. இருவேறு சமயத்தார் ஒரே அரசின் நிழலில், ஒரே சொல்லால் சுட்டப்படும் அறக்கொடையைப் பெற்று வாழ்ந்தனர்.

நாகையில் புத்த சமயம் நெடுங்காலம் நிலைத்தது. 1476-இல் பர்மிய அரசன் தம்மசேதி நாட்டிய கல்யாணிக் கல்வெட்டு, கலம் கவிழ்ந்து கரையேறிய பர்மியத் துறவியர் நாகைக்கு வந்து ஒரு பழைய விகாரம் இருந்த இடத்தையும் புத்தர் உருவத்தையும் வணங்கிய செய்தியைக் கூறுகிறது. பின்னர் அப்பள்ளிகள் அழிந்தன. செங்கற் கோபுரம் ஒன்று மட்டும் கடலில் வருவார்க்கு அடையாளமாக நின்றது. அதனை மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றும், ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றும் அழைத்தனர். 1846-இல் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட், மூன்று நிலைகளுடன் சுண்ணச்சாந்து இன்றி அடுக்கப்பட்ட செங்கற் கட்டடம் என அதனை வருணித்தார். 1867-இல் அதுவும் அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது.

அதற்கு முன்பே, 1856-இல், கோபுரத்தின் அருகே கிறித்தவப் பாதிரியார்கள் இலுப்பை மரம் ஒன்றை அகற்றியபோது, மண்ணுக்குள் ஐந்து புத்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. அதன்பின் 1930-களின் இடைப்பகுதி வரை, வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு முதலிய இடங்களில் அடுத்தடுத்துக் கிடைத்தவை ஏறத்தாழ 350. அவற்றுட் பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சில பிற ஊர்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றன. காலத்தால் இவை சோழர் ஆட்சி முதல் கி.பி. 16, 17-ஆம் நூற்றாண்டு வரை பரவியுள்ளன.

இவற்றை ஆராய்ந்து 1954-இல் விரிவான நூல் வெளியிட்டவர் டி. என். இராமச்சந்திரன். அவர் பெயரை நம் சமூகத்தார் நன்றியோடு நினைக்க வேறொரு காரணமும் உண்டு. ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்களைப் பற்றி 1934-இல் ஆராய்ச்சி நூல் எழுதியவரும் அவரே. நம் கோயிலின் ஓவியத்தையும் கல்வெட்டையும் கருத்தூன்றிப் படித்த அதே கண்கள்தாம் நாகைச் சிறு திருமேனிகளையும் படித்தன.

சிறியனவாக அமைந்தது ஏன்?

இத்திருமேனிகளுள் ஊர்வலத்திற்குரிய பெரியன சிலவே. பெரும்பாலானவை சிறியவை, உள்ளங்கையில் அடங்குவனவும் உள. புத்தர் மட்டுமன்றி, அவலோகிதேசுவரர், மைத்திரேயர், தாரை, சம்பலன் முதலியோர் உருவங்களும், சிறு தூபிகளும் இவற்றுள் அடங்கும். இவை சிறியனவாக அமைந்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, செய்முறை. சிற்பி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் சமைத்து, அதன்மேல் மென்களிமண் பூசி, உலர்த்திச் சுடுவான். மெழுகு உருகி வழிந்தோடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய செம்புக் கலவையை வார்ப்பான். ஆறியபின் மண் அச்சை உடைத்தே திருமேனியை எடுத்தல் வேண்டும். ஆகலின் ஓர் அச்சிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும். நம் நாட்டுத் திருமேனிகள் உள்ளீடின்றிக் கெட்டியாக வார்க்கப்படுதலின், அளவு கூடக்கூடச் செம்பின் எடையும் செலவும் பன்மடங்கு ஏறும். எளிய குடியானவர் ஒருவர் தம் பொருளால் செய்விக்கக் கூடியது சிறு திருமேனியே.

இரண்டாவது, பயணம். நாகைக்கு வந்தோர் வணிகரும் மாலுமிகளும் யாத்திரிகரும் ஆவர். அவர்கள் தம்முடன் கொண்டு செல்லவும், தங்குமிடத்தில் வைத்து வணங்கவும் சிறு உருவமே ஏற்றது. புத்தகயையில் களிமண்ணில் அச்சிட்ட சிறு வில்லைகளை யாத்திரிகர் பெற்றுச் சென்றதும் இதனைப் போன்றதே.

மூன்றாவதே சமயத்தொடு நேராகத் தொடர்புடையது. ஒருவர் பள்ளிக்குச் சென்று, தம் பொருளில் ஒரு பகுதியைச் செலவிட்டுப் புத்தரின் உருவத்தையோ தூபியையோ செய்வித்து அங்கேயே வைத்துவிடுவது ஒரு புண்ணியச் செயல் எனப்பட்டது. இவ்வாறு பலர் அளித்த சிறு திருமேனிகள் பள்ளியில் சேர்ந்துகொண்டே வந்தன. ஒரு நகரத்தில் இத்தனை திருமேனிகள் ஒருங்கே கிடைப்பதற்கு இக்கொடை வழக்கமே காரணம் ஆகலாம். அவை மண்ணுக்குள் சென்றதோ, ஆபத்துக் காலத்தில் அடியவர்களே காப்புக் கருதிப் புதைத்தமையால் என்று அறிஞர் கருதுவர். புதைத்தவர் மீண்டு வந்து எடுக்கவில்லை.

பீடத்தில் உள்ள பெயர்கள்

இத்திருமேனிகள் பலவற்றின் பீடத்தில் எழுத்துகள் உள்ளன. அவை சீன எழுத்தோ சாவக எழுத்தோ அல்ல. தமிழ் எழுத்தும் கிரந்தமும் ஆகும். நாகைப் பள்ளியைக் கட்டியவன் கடல் கடந்த அரசனாயினும், திருமேனிகளை அளித்தோரில் பலர் தமிழ்ப் பெயர் உடையவர் என்பதை இவ்வெழுத்துகள் மெய்ப்பிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இப்போது நியூயார்க்கில் ஆசியக் கழகத்தின் தொகுப்பில் உள்ள நின்ற புத்தர் திருமேனி, மற்றவற்றினும் சற்றுப் பெரியது. அதன் பீடத்துக் கல்வெட்டு, இராசேந்திர சோழப் பெரும்பள்ளியையும் அக்கசாலைப் பெரும்பள்ளியையும் குறிக்கிறது. திருவிழாவில் எழுந்தருளும் பொருட்டு இத்திருமேனி அமைக்கப்பட்டதைச் சொல்கிறது. அளித்தவர் குணாகர உடையார் என்பவர். அக்கசாலை என்பது பொற்கொல்லர் தொழிற்கூடம். ஆகவே, பொன்னும் செம்பும் உருக்கிய கைவினைஞர்கள் தமக்கென ஒரு புத்தப் பள்ளியைப் பேணினர் என்று அறிகிறோம்.

அக்கல்வெட்டில் மற்றொரு சொல்லும் நம் கருத்தைக் கவர்கிறது. புத்தர் அங்கே 'ஆழ்வார்' எனப்படுகிறார். இன்று அச்சொல் வைணவ அடியார்க்கே உரியதாக வழங்குகிறது. அந்நாளிலோ அது இறைவரைக் குறிக்கும் பொதுவான மதிப்புச் சொல்லாக இருந்தது. பள்ளி, ஆழ்வார், நாயனார் என்னும் சொற்கள் பல சமயத்தாரும் ஆண்ட தமிழின் பொதுச்செல்வம்.

புத்த சமயத்தில் திருவுருவின் பொருள்

புத்தர் பரிநிர்வாணம் அடைந்தவர். அவர் இவ்வுருவத்தில் வந்து தங்கி வரம் அருளுவதாகத் தேரவாதப் பௌத்தர் கொள்வதில்லை. அவர்கள் வணக்கத்திற்குரியவற்றை மூவகையாகப் பகுப்பர். புத்தரின் உடலெச்சமாகிய தாதுக்கள் சாரீரிகம். அவர் பயன்படுத்திய பாத்திரமும் அவர் அமர்ந்து மெய்யறிவு பெற்ற போதி மரமும் பாரிபோகிகம். அவரை நினைவூட்டும் பொருட்டு அமைக்கப்படும் உருவம் உத்தேசிகம். எனவே திருவுருவம் என்பது நினைவின் கருவி. அதனைக் காண்பவர் புத்தரின் குணங்களை எண்ணுவர். அவர் காட்டிய நெறியைத் தாமும் மேற்கொள்ள உறுதி பூணுவர். மலர் வாடுவதைக் கண்டு யாக்கை நிலையாமையை எண்ணுவதும் அவ்வழிபாட்டின் பகுதியே.

இலங்கையில் இன்றும் புத்தர் உருவத்திற்குக் கண் திறக்கும் சடங்கு நிகழ்கிறது. நேத்திர மங்கலம் எனப்படும் அதில், கலைஞன் உருவத்தின் கண்ணை நேரே நோக்காது, கண்ணாடியில் அதன் சாயலைப் பார்த்தவாறே கண்மணியை எழுதுவான். அக்கணம் முதல் அது சிற்பியின் கைப்பொருள் அன்று, வணக்கத்திற்குரியது.

மகாயான மரபில் திருவுருவிற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. போதிசத்துவர்கள் உயிர்களின் துயர் தீர்க்கும் கருணையுடையோர் எனப்படுவர். அவலோகிதேசுவரரும் தாரையும் தீ, வெள்ளம், கள்வர், சிறை, பாம்பு முதலிய எண்பெரும் அச்சங்களிலிருந்து காப்பவர் என்பது நம்பிக்கை. கலம் கவிழ்தலும் அவ்வச்சங்களுள் ஒன்று. கடலில் உயிரைப் பணயம் வைத்துச் சென்ற நாகை வணிகர், புறப்படுமுன் ஒரு சிறு அவலோகிதரைச் செய்வித்துப் பள்ளியில் வைத்ததன் உட்பொருள் இதனால் விளங்கும். அவலோகிதரைத் தமிழர் அயலவராகவும் கருதவில்லை. அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்று, 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் கூறுகிறது.

திருமேனி அளித்தவர் அதனால் எய்தும் புண்ணியத்தைத் தாய் தந்தையர்க்கும் எல்லா உயிர்க்கும் பகிர்ந்தளிப்பதும் புத்த சமய வழக்கம். கொடை அளித்த மகன், 'இதன் பயன் என் பெற்றோரைச் சேர்க' என்று எண்ணுவான். உள்ளங்கையளவு செம்பில் ஒருவரின் அன்பும், அச்சமும், நன்றியும் இவ்வாறு வடிவெடுத்து நின்றன.

நம் கொள்கையொடு ஒப்பும் வேறுபாடும்

நம் ஆகமங்கள் நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்கு நிக்ஷேபங்களைக் கூறுகின்றன. திருவுருவில் ஜினரை நிறுவி வணங்குதல் ஸ்தாபனை. வீதராகராகிய அருகர் விருப்பும் வெறுப்பும் அற்றவர்; வணங்குவார்க்கு வரமும் வணங்காதார்க்குச் சாபமும் அளியார். அவர் குணங்களை நினைத்து நம் பரிணாமத்தைத் தூய்மை செய்துகொள்வதே வழிபாட்டின் பயன். உத்தேசிகம் என்னும் பௌத்தர் கருத்தும் ஸ்தாபனை என்னும் நம் கருத்தும் இவ்வகையில் அண்டையில் நிற்கின்றன.

எனினும் வேறுபாடு சிறியதன்று. ஒருவர் செய்த வினையின் பயனை மற்றொருவர்க்கு மாற்றித்தர இயலாது என்பது நம் கொள்கை. அவரவர் வினை அவரவரையே சாரும். உயிர் என்னும் நிலைத்த பொருளைப் பௌத்தர் உடன்படார், நாம் உடன்படுகிறோம். இவ்வேறுபாடுகளை மறைத்து 'எல்லாம் ஒன்றே' என்று பிள்ளைகளிடம் கூறிவிடுதல் எளிது. அது இரு சமயத்திற்கும் செய்யும் நீதி ஆகாது. தெளிந்த காட்சியே நற்காட்சி. பொருளை உள்ளவாறு காணவேண்டும். கண்டபின் வெறுப்பின்றி மதிக்கவேண்டும்.

அடையாளம் காணும் முறை

அச்சிறுமி மயங்கியதில் வியப்பில்லை. தமிழகத்து அமர்ந்த புத்தரும் அமர்ந்த தீர்த்தங்கரரும் ஒரே வகை ஆசனத்தில், மடிமீது கைகளை வைத்து, சுருள்முடியும் தாழ்ந்த காதுகளும் கொண்டு, ஒரே அமைதியோடு காணப்படுவர். பெரியோரும் மயங்கியதுண்டு. ஊர்தோறும் வயல்வெளிகளில் உள்ள சிலைகளுள் புத்தரைச் சமணர் என்றும், அருகரைப் புத்தர் என்றும் கூறுவதை நாம் கேட்கிறோம். பின்வரும் குறிப்புகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நலம்.

1. ஆடை: நாகைப் புத்தருக்குச் சீவர ஆடை உண்டு. இரு தோளையும் மூடியிருக்கும். அல்லது வலத்தோளைத் திறந்து இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஒரு கோடாகச் செல்லும். திகம்பர மரபில் அமைந்த நம் தீர்த்தங்கரர் ஆடையற்றவர். தேய்ந்த சிலையிலும் மார்பின் குறுக்கே அக்கோடு உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. கைகள்: தீர்த்தங்கரர் அமர்ந்திருப்பின் தியான நிலை, நின்றிருப்பின் கைகளைத் தொங்கவிட்ட காயோத்சர்க்கம். வேறு கைக்குறி இல்லை. புத்தரோ அபயம் காட்டுவார், வரதம் காட்டுவார், நிலத்தைத் தொடுவார், அறவாழி உருட்டும் குறி காட்டுவார், தியானத்திலும் அமர்வார்.

3. தலை: நாகைப் புத்தரின் உச்சியில் தீச்சுடர் போன்ற ஓர் உறுப்பு எழும், இது அத்திருமேனிகளின் சிறந்த அடையாளம். தீர்த்தங்கரர்க்கு இச்சுடர் இல்லை.

4. குடையும் மரமும்: தீர்த்தங்கரர்க்கு மேலே முக்குடை, பின்னே அசோகு. புத்தருக்குரியது போதியாகிய அரசமரம்.

5. பீடம்: தீர்த்தங்கரரின் பீடத்தில் ஏறு, யானை, அரிமா முதலிய இலாஞ்சனம் காணப்படலாம். இருபுறமும் யக்ஷனும் யக்ஷியும் நிற்கக்கூடும்.

6. முடியணி: மகுடமும் அணிகலனும் பூண்ட உருவமாயின் அது புத்தர் அன்று, போதிசத்துவர் ஆகலாம். மகுடத்தில் சிறு புத்தர் அமர்ந்திருப்பின் அவலோகிதர். சிறு தூபி இருப்பின் மைத்திரேயர்.

ஐந்தலை அல்லது ஏழுதலை நாகம் குடை பிடித்தலை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பார்சுவநாதர்க்குத் தரணேந்திரன் குடை பிடித்தது போலவே, புத்தருக்கு முசலிந்தன் என்னும் நாகம் குடை பிடித்த கதையும் உண்டு. அவ்விடத்தில் ஆடையையே நோக்குதல் வேண்டும்.

கும்பிடுகிறவர்கள் எங்கே?

இனிச் சிறுமியின் வினாவிற்கு வருவோம். உலகில் புத்தரை வணங்குவோர் கோடிக்கணக்கானோர். இலங்கையிலும் பர்மாவிலும் சயாமிலும் சப்பானிலும் உளர். தமிழகத்திலும் உளர். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதுமுதல் தமிழ்ப் பௌத்தர் மீண்டும் தம் விகாரங்களில் கூடி வருகின்றனர். பழைய உருவங்கள் மீதும் அவர்கள் பார்வை திரும்பியது. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரில் வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையதே என்று தொல்லியல் துறை ஆய்ந்து கூற, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

ஆயினும், நாகைத் திருமேனிகளின் பீடத்தில் தம் பெயரைத் தமிழில் பொறித்தாரே, அக்குடும்பத்தாரின் வழி அறுந்துவிட்டது. அவர்கள் பாடிய பாட்டு இல்லை. செய்த பூசைமுறை இல்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இல்லை. அரசன் அளித்த ஊரும், செப்பேடும், மூன்று நிலைக் கோபுரமும் அம்மரபைக் காக்கவில்லை. செப்புத் திருமேனி மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கெடாது கிடந்தது; அதனைத் தம்முடையது என்று சொல்லும் வீடுகள்தாம் இல்லாது போயின. திருமேனியைச் செம்பு காக்கும். சமயத்தைக் குடும்பங்களே காக்கும். தமிழ்ச் சமணராகிய நாம் எண்ணிக்கையில் மிகச் சிறியோர். சிற்றூர்களை விட்டுத் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர் என்று நகர்ப்புறங்களில் குடியேறி வருகிறோம். ஊர் ஜினாலயத்தில் நித்திய பூசைக்கு ஆளில்லாத நிலை நமக்கும் தெரியும். ஆதலின் அச்சிறுமியின் கேள்வி புத்தரைப் பற்றியது மட்டுமன்று.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்த ஒரு செயலை நினைத்தல் தகும். குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்தை மறுத்து எழுந்தது நம் நீலகேசி. வாதத்தில் நம் ஆசிரியர் சிறிதும் தளரவில்லை. ஆயினும் இன்று குண்டலகேசி முழு நூலாகக் கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் சில பாடல்களுள் ஒரு பகுதி, நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையில் மேற்கோளாக இருந்தமையால் பிழைத்தது. அவ்வுரையோடு கூடிய நீலகேசியைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்தார். மறுப்பதற்காகவேனும் எதிரியின் சொல்லைப் பிழையின்றி எடுத்தெழுதிய நேர்மையே, எதிரியின் நூலுக்கு உயிர் தந்தது. 'அவர் நம் பகவான் அல்லர்' என்று கூறும் உரிமை நமக்கு உண்டு. 'அவர் யார்' என்று முழுமையாக அறிந்து கூறும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

நாம் செய்யத்தக்கன

வீட்டுப் பூசை அறையிலோ ஊர் ஆலயத்திலோ பழைய சிறு திருமேனி இருப்பின், பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

பீடத்தில் எழுத்து உள்ளதா என்று பாருங்கள். புளியும் சாம்பலும் இட்டு அழுந்தத் தேய்த்தால் எழுத்தும் முகமும் மழுங்கிவிடும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரலாறு அழியும். மெல்லிய துணியால் துடைத்தலே போதும்.

நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, உயரத்தையும் எடையையும் குறித்து வையுங்கள். நாளந்தா அருங்காட்சியகத்திலிருந்து 1961-இல் களவுபோன புத்தத் திருமேனி ஒன்று, 2018-இல் அடையாளம் காணப்பட்டு, இலண்டனில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அடையாளம் காட்டும் சான்று இல்லாத திருமேனி களவு போனால், அதனை நமது என்று நிறுவுதல் அரிது.

நூறாண்டிற்கு மேற்பட்ட உலோகத் திருமேனியை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்தல் வேண்டும். பதிவு செய்வதால் உரிமை பறிபோகாது; அது உரிமைக்குச் சான்றாகும்.

வீடு கட்டும்போதும் வயலை உழும்போதும் மண்ணிலிருந்து திருமேனி வெளிப்பட்டால், எச்சமயத்தது ஆயினும், வருவாய்த் துறையினர்க்கு அறிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இதனை விதிக்கிறது. 2004-இல் திருவாரூர் மாவட்டம் குடவாசல் அருகே செல்லூரில் வெளிப்பட்ட புத்தத் திருமேனிகள் இன்று ஆய்வாளர்க்குப் பயன்படுவது, அவை சிதறாது அரசின் பாதுகாப்பில் சேர்ந்தமையாலேயே.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். நம் ஊர் ஜினாலயத்தில் மூலவர் யார், அவருடைய இலாஞ்சனம் எது, உற்சவத் திருமேனியைச் செய்வித்தவர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் விடை கூறவேண்டும்.

அன்று அருங்காட்சியகத்தை விட்டு வெளிவந்து வண்டிக்குக் காத்திருந்தபோது, அப்பெரியவரே சிறுமியை அருகே அமர்த்தி நாகையின் கதையைத் தமக்குத் தெரிந்தவரை சொன்னார். முடிவில் அவள், "அடுத்த முறை அவர் பீடத்தில் இருக்கும் பெயரைப் படித்துப் பார்ப்போமா?" என்றாள். பெரியவர் ஒப்புக்கொண்டார். பழந்தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு இருவரும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கியுள்ளனர். வாசக அன்பர்களும் தத்தம் இல்லத்தில் அவ்வாறு தொடங்குவாராக.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. நாகையில் விகாரம் எழுப்பிய அரசன் யார்? அதற்கு ஊர் அளித்த சோழன் யார்?
2. உத்தேசிகம், ஸ்தாபனை ஆகியவற்றின் பொருள் யாது? இரண்டும் எவ்வாறு ஒத்துள்ளன?
3. புத்தர் திருமேனியையும் தீர்த்தங்கரர் திருமேனியையும் வேறுபடுத்தும் குறிகளுள் மூன்றைக் கூறுக.
4. குண்டலகேசியின் பாடல்கள் சில இன்று நமக்குக் கிடைப்பதற்கு நீலகேசி உரை எவ்வாறு காரணமாயிற்று?
5. உங்கள் ஊர் ஜினாலயத்துத் திருமேனிகளின் பீடத்தில் எழுத்து உண்டா? பெரியோரைக் கேட்டு எழுதுக.

அறம் வளர்க!